மழைத் தண்ணீரா, கண்மாய்த் தண்ணீரா, கடல் தண்ணீரா?

வாசகர் கேள்வி – பதில்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களில் கிராம நிர்வாக அலுவலராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற அம்மையார், வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

கேள்வி: நம்முடையது வறட்சி மாவட்டம். குடிதண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம். இங்கே வந்து வெள்ளத்துக்குத் தயாராகுங்கள் என்று கூட்டம் போடுகிறார்களே, இது தேவையா? – வாசகர், தேவிபட்டினம்

தேவைதான் தம்பி. ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் நமக்குக் கிடைக்கும் சராசரி மழை 80 செ.மீ.-யைக் கொஞ்சம்தான் தாண்டும். ஆனால் அது ஆண்டு முழுக்கப் பெய்வதில்லை. பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2024 நவம்பர் 20-ஆம் தேதியை ராமேஸ்வரம் தீவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் பெய்தது. பாம்பனில் நண்பகலை ஒட்டிய மூன்று மணி நேரத்தில் மட்டும் 19 செ.மீ. ஆண்டு மழையில் பாதி, ஒரு பகல் பொழுதுக்குள்.

செ.மீ. என்றால் பலருக்குக் கண்முன்னே வராது. ஒரு சதுர மீட்டர் தரையில் 1 செ.மீ. மழை பெய்தால் அது 10 லிட்டர் தண்ணீர். ஐந்து சென்ட் மனை ஏறக்குறைய 200 சதுர மீட்டர். 40 செ.மீ. பெய்தால் அந்த மனையில் மட்டும் 80,000 லிட்டர் விழுகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கும் தண்ணீர் லாரி 12,000 லிட்டர் பிடிக்கும் என்றால், ஏறக்குறைய ஏழு லாரித் தண்ணீரை உங்கள் முற்றத்தில் திறந்துவிட்டதற்குச் சமம். பக்கத்து வீட்டிலும் ஏழு, எதிர் வீட்டிலும் ஏழு. இவ்வளவும் எங்கே போகும்? நம் பூமி தட்டையானது. தண்ணீர் ஓடிப் போக வேண்டிய சரிவே மிகக் குறைவு.

பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தையும் பாருங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. நமக்கு ஓர் ஆண்டில் கிடைப்பதைவிட அதிகம். அதே மேகம் கொஞ்சம் வடக்கே தள்ளி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

வெள்ளம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் எதற்குத் தயாராவது என்றே தெரியாது. நம் கரையில் அது மூன்று வழிகளில் வரும். தலைக்கு மேலே பெய்து தேங்கும் மழைத் தண்ணீர். வைகை, குண்டாறு, கோட்டக்கரை ஆறு வழியாகக் கண்மாய் நிரம்பி, கரையை மீறி வரும் தண்ணீர். புயலோடு ஏறி வரும் கடல் தண்ணீர். முதலாவது மணிக்கணக்கில் வரும். இரண்டாவது நமக்குச் சில நாட்கள் அவகாசம் தரும். மூன்றாவது வந்தால் பொருளை விட்டுவிட்டு ஆளைக் காப்பாற்ற வேண்டியதுதான். உங்கள் தெருவுக்கு இவற்றில் எது வரும் என்பதை உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, ஆடி, ஆவணி மாதத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். தேவிபட்டினத்துக்குக் கடலும் உண்டு, கண்மாய் உபரிநீரும் உண்டு.

கேள்வி: எங்கள் வீடு மணல் பூமியில் இருக்கிறது. எவ்வளவு மழை பெய்தாலும் மணல் உறிஞ்சிவிடும் என்று மாமனார் சொல்வார். ஆனால் 2024 மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் இரண்டு நாள் வடியவே இல்லை. ஏன்? – வாசகி, தங்கச்சிமடம்

உங்கள் மாமனார் சொன்னது தவறில்லை அம்மா. மணல் உறிஞ்சத்தான் செய்யும், அடியில் இடம் இருக்கும் வரையில். கடற்கரையில் கையால் மணலைப் பறித்தாலே ஊற்று வருகிறதே, நிலத்தடி நீர் அவ்வளவு மேலே இருக்கிறது. ஐப்பசி மழையில் அது இன்னும் ஏறிவிடும். அதன் பிறகு வரும் பெருமழைக்கு மணலுக்குள் இடமே இருக்காது.

மீதித் தண்ணீர் வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். அங்கேயும் ஒரு தடை. வாடைக்காற்று பலமாக அடிக்கும்போது வடகடல் (பாக் விரிகுடா) தண்ணீரைக் கரையோரம் தள்ளிக் குவிக்கும். அமாவாசை, பௌர்ணமி ஏற்றமும் சேர்ந்துகொண்டால் வாய்க்காலின் வாய் கடல் மட்டத்துக்குக் கீழே போய்விடும். உள்ளே இருப்பது வெளியே போகாது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். புரட்டாசியிலேயே வார்டு உறுப்பினரை அழைத்துக்கொண்டுபோய் அந்த மணல் மேட்டைக் காட்டுங்கள். மனு கொடுப்பதைவிட நேரில் நிற்க வைத்துக் காட்டுவது வேலை நடத்தும். அனுபவத்தில் சொல்கிறேன்.

ரோடு போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போடுவதால் நேற்று மேடாக இருந்த வீடு இன்று பள்ளமாகிவிடுகிறது. வேலை தொடங்கும் நாளில் தெருவே கூடி நின்று, சுரண்டிவிட்டுப் போடுங்கள் என்று கேட்க வேண்டும். தார் ஊற்றிய பிறகு கேட்டுப் பயனில்லை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. வீட்டுக்குள் தண்ணீர் முதலில் வாசல் வழியாக வருவதில்லை, கழிப்பறை வழியாகத்தான் வருகிறது. செப்டிக் டேங்க் நிரம்பி எதிர்த்து வரும். பாதி நிரப்பிய மணல் பையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, கழிப்பறைக் கோப்பையிலும் குளியலறைத் தண்ணீர் போகும் துளையிலும் அழுத்தி வையுங்கள். முழுக்க நிரப்பினால் பை விறைத்துக்கொண்டு ஓரத்தில் சந்து விடும். பாதி நிரப்பியதுதான் படியும்.

கேள்வி: எங்கள் ஊர் கண்மாய்க் கரைக்குக் கீழே இருக்கிறது. கரை உடையப் போகிறது என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? – விவசாயி, ராமநாதபுரம் பெரிய கண்மாய்ப் பாசனம்

முடியும் ஐயா. கரை சொல்லாமல் உடைவது மிகவும் அரிது. நடந்து பார்க்கிற ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கண்மாய் நிறைந்திருக்கும்போது கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில் நடங்கள். உள்பக்கம் நின்று அலை பார்ப்பதில் பயனில்லை. அடிவாரத்தில் கசிவு இருந்தால் குனிந்து அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்திப் பாருங்கள். தெளிந்த நீராக இருந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். பழைய மண் கரைகளில் கசிவு சகஜம். கலங்கலாக, விரலில் மண் நெருடினால் கரைக்குள்ளிருந்து மண் அரித்து வெளியே வருகிறது என்று பொருள். நண்டு வளை, எலி வளை, காய்ந்து செத்த கருவேல வேர் போன பாதை, ஏதாவது ஒன்று உள்ளே குழாயாகத் திறந்திருக்கும். அந்த நிமிடமே ஊருக்கும் நீர்வளத்துறை ஆட்களுக்கும் தகவல் போக வேண்டும்.

அப்போது எல்லோரும் செய்யும் ஒரு காரியம் ஆபத்தானது. கலங்கல் வரும் வாயில் களிமண்ணைத் திணித்து அடைப்பார்கள். உள்ளே வந்த தண்ணீர் வழி கிடைக்காமல் பக்கத்தில் வேறு வாயைப் பிளக்கும். வாயை அடைக்காதீர்கள். அதைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே மணலும் அதன்மேல் ஜல்லியும் போடுங்கள். வட்டத்துக்குள் தண்ணீர் உயர உயர, உள்ளிருந்து தள்ளும் வேகம் குறையும். தண்ணீர் தெளிவாக வடியும், மண் தங்கிவிடும். மூட்டைகளையும் ஒரு டிராக்டர் மணலையும் கரைமேல் முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்தால்தான் இது நடக்கும். ராத்திரி மழையில் சாக்குத் தேடி அலைய முடியாது.

அடுத்தது கலுங்கு, அதாவது கண்மாய் நிறைந்ததும் உபரிநீர் வழிந்து போகக் கட்டிய இடம். கூடுதலாக நாலு நாள் தண்ணீர் நிற்கட்டும் என்று கலுங்கின்மேல் பலகை அடைத்து மண் மூட்டை அடுக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. தண்ணீருக்கு ஏங்கும் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் கலுங்கு எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை அந்தக் கரை தாங்கும் அளவை வைத்துத்தான் நம் முன்னோர் கட்டினார்கள். மழை அறிவிப்பு வந்துவிட்டால் அந்த மூட்டைகளை அன்றைக்கே எடுங்கள். கலுங்கு வழியாகப் போகும் தண்ணீர் கீழே உள்ள கண்மாய்க்குப் போகிறது. கரை வழியாகப் போகும் தண்ணீர் ஊருக்குள் வருகிறது. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பெயர் பெற்ற ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் ஆனாலும் பத்து ஏக்கர் ஊருணி ஆனாலும் விதி ஒன்றுதான்.

நீங்கள் வைகையின் கடைக்கோடியில் இருக்கிறீர்கள். அதனால் வைகை அணைச் செய்தி உங்களுக்கு வீட்டுச் செய்தி. முழுக் கொள்ளளவு 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. மூன்றாவது எச்சரிக்கை விட்டால் வரும் நீரை அப்படியே திறக்கத் தொடங்குவார்கள். அது மதுரையைத் தாண்டி, பார்த்திபனூர் மதகு அணையைத் தாண்டி உங்களிடம் வந்து சேர நாள் கணக்கில் ஆகும். அந்த நாட்களைக் கரையைச் சுற்றிப் பார்ப்பதற்கும் ஆடு மாடுகளை மேட்டுக்கு மாற்றுவதற்கும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் செய்தியில் எண்ணை மட்டும் சொல்கிறார்கள். அதை வைத்து நாங்கள் என்ன முடிவு எடுப்பது? – நாட்டுப்படகு மீனவர், பாம்பன்

1, 2 என்றால் தூரக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமோ புயலோ உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் நம் துறைமுகப் பகுதியிலேயே பலத்த காற்றுக்கு வாய்ப்பு. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். 11 ஏற்றினால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். 3 ஏறும்போதே படகு கரையில் இருக்க வேண்டும். கடலுக்குப் போக மீன்வளத்துறை தரும் டோக்கனை நிறுத்தினால் ஒரு நாள் பாடு போகிறதே என்று கடலுக்குப் போய்விடாதீர்கள் ஐயா. வீட்டில் காத்திருக்கும் பெண்களின் முகத்தைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

படகுகளை நெருக்கிக் கட்டாதீர்கள். காற்றில் ஒன்றோடு ஒன்று மோதித்தான் பெரும்பாலும் உடைகின்றன. இடைவெளி விட்டு நங்கூரம் போடுங்கள். படகைக் காவல் காக்கிறேன் என்று யாரும் இரவில் படகில் படுக்க வேண்டாம்.

கடல் ஏறி வருவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் பாம்பனில் இருப்பவரிடம் சொல்லாமல் விட முடியாது. 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அழித்தது காற்று மட்டும் அல்ல, காற்று தள்ளிக்கொண்டு வந்த கடல். பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு அப்படியே போனது. வடகடல் ஆழம் குறைந்தது. ஆழ்கடலில் காற்று தள்ளும் தண்ணீர் அடியில் இறங்கித் திரும்பிவிடும். ஆழமற்ற கடலில் இறங்க இடமில்லாமல் கரைமேல் ஏறும். அதனால் புயல் நம்மை நோக்கி வருகிறது என்றால், மழை பெய்யாவிட்டாலும் கரையோரக் குடிசையில் இருக்கக் கூடாது. புயலின் கண் கடக்கும்போது காற்று நின்று வானம் வெளுக்கும். முடிந்துவிட்டது என்று கடற்கரைக்குப் போனவர்களை அடுத்து எதிர்த்திசையில் வரும் காற்று அடித்துப் போட்டுவிடும்.

காற்றே இல்லாத நாளிலும் சில சமயம் கடல் பொங்கி ஊருக்குள் வரும். கள்ளக்கடல் என்று செய்தியில் சொல்கிறார்கள். எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசிய புயலின் அலை நம் கரையைத் தொடுவது அது. ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் முன்கூட்டியே அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு வந்தால் வலையையும் படகையும் மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு 78 வயது. வீட்டை விட்டு முகாமுக்கு வரவே மாட்டேன் என்கிறார். – வாசகி, தொண்டி

மகளே, பெரும்பாலும் அது பிடிவாதம் இல்லை. முகாமில் கழிப்பறைக்கு யார் கூட்டிக்கொண்டு போவார்கள், நாலு பேர் முன்னால் எப்படிப் படுப்பது என்ற கூச்சம். அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மழை இல்லாத ஒரு நாளில் அவரை அந்தப் பள்ளிக்கூடத்துக்கோ புயல் பாதுகாப்பு மையத்துக்கோ கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். கழிப்பறை எங்கே, எந்த மூலையில் நம் பாய் என்று அவரே பார்க்கட்டும். மேட்டில் சொந்தக்காரர் வீடு இருந்தால் இன்னும் நல்லது. எச்சரிக்கை வந்தவுடன், வெளிச்சம் இருக்கும்போதே, விருந்துக்குப் போவதாகக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். அவருடைய மாத்திரை, கண்ணாடி, ஊன்றுகோல், ஒரு போர்வை, இவை ஒரு பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

கேள்வி: வீட்டில் என்னென்ன தயாராக வைக்க வேண்டும்? – வாசகி, மண்டபம்

டார்ச், தீப்பெட்டி, அரிசி, பால் பவுடர் எல்லாம் நீங்களே வைத்துவிடுவீர்கள் அம்மா. நான் காகிதங்களைப் பற்றித்தான் சொல்வேன். வெள்ளம் வடிந்த பிறகு என் மேசைக்கு வந்தவர்களில், நனைந்து ஒட்டிப்போன பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்கள்தான் அதிகம் அழுதார்கள். பட்டா, ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், மீனவர் அட்டை, படகுப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், எல்லாவற்றையும் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூடி இறுகும் டப்பாவில் வைத்து, பரண்மேல் வையுங்கள். ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். வெள்ளத்துக்கு முன்பே வீட்டை நாலு பக்கமும் படம் எடுத்து வைத்திருந்தால் நிவாரணக் கணக்கெடுப்பின்போது பேச்சுக்கு இடம் இருக்காது.

மெயின் சுவிட்சைத் தண்ணீர் வாசலுக்கு வரும்போதே அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு தொடவே கூடாது. கேஸ் சிலிண்டரை மூடி, ஜன்னல் கம்பியில் கயிற்றால் கட்டிவிடுங்கள்; காலி சிலிண்டர் மிதந்து அலையும். ஆடு, மாடு, நாயைக் கட்டிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள், அவிழ்த்து விடுங்கள். 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554. சுவரில் பெரிதாக எழுதுங்கள்.

கேள்வி: ரோட்டில் முழங்கால் தண்ணீர் ஓடும்போது பைக்கில் கடக்கலாமா? – வாசகர், சாயல்குடி

கூடாது. ஓடும் தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேலே, 15 செ.மீ. இருந்தாலே நிற்கிற ஆளைத் தள்ளிவிடும். 30 செ.மீ.-யில் சிறிய கார் நகரும். தரைப்பாலத்தில் தார் இன்னும் இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று மேலே இருந்து தெரியாது. சுற்றிப் போங்கள், அல்லது நில்லுங்கள்.

கேள்வி: வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீரை எப்படிச் சரி செய்வது? கடல் தண்ணீர் புகுந்திருந்தால் முழுக்க இறைத்துவிடலாமா? – வாசகர், ஏர்வாடி

இரண்டும் வேறு வேறு. மழை வெள்ளம் புகுந்த கிணறு என்றால் பிளீச்சிங் பவுடர் போதும். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். கிணற்றின் குறுக்களவு 2 மீட்டர், தண்ணீர் ஆழம் 3 மீட்டர் என்றால் சுமார் 9,400 லிட்டர். 24 கிராம் வேண்டும். பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிபோலக் குழைத்து, வாளியை முக்கால் பாகம் நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் ஆட்டிக் கலக்குங்கள். ஒரு மணி நேரமாவது விட வேண்டும். இரவில் செய்துவிட்டுக் காலையில் இறைப்பது நல்லது. குடிப்பதைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

கடல் நீர் புகுந்த கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் உப்பை எடுக்காது. உள்ளே தேங்கிய உப்பு நீரையும் சேற்றையும் ஒரு முறை மெதுவாக இறைத்து எடுங்கள். அதோடு நிறுத்துங்கள். மோட்டார் வைத்து ஒட்ட ஒட்ட இறைப்பதுதான் கிணற்றைக் கெடுக்கும். நம் கரையில் மண்ணுக்கு அடியில் மழை நீர் மேலாகவும், கனமான உப்பு நீர் கீழாகவும் இருக்கிறது. மேலே உள்ள நல்ல தண்ணீரை வேகமாக உறிஞ்சினால் கீழே உள்ள உப்பு ஏறி வந்துவிடும். தனுஷ்கோடிப் பெண்கள் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைப் பறித்து, சுரக்கச் சுரக்க அகப்பையில் மொண்டு எடுப்பார்கள். அடியில் கிண்ட மாட்டார்கள். அடுத்த மழைகள் உப்பை மெல்லக் கழுவும் வரை நீங்களும் அப்படித்தான் எடுக்க வேண்டும்.

வெள்ளத்தில் நடந்தவர்களுக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றைக்கே போய், தண்ணீரில் நடந்ததைச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம்.

கேள்வி: எங்கள் ஊரில் மழைமானி இல்லை. எவ்வளவு மழை பெய்தது என்று நாங்களே அளக்க முடியுமா? – ஒன்பதாம் வகுப்பு மாணவி, வாலிநோக்கம்

முடியும் கண்ணு. மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமுள்ள, அடி தட்டையான பாத்திரம் ஒன்று எடுத்துக்கொள். வாய் அகன்ற வாளி கூடாது, கணக்குத் தப்பும். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில், காற்றில் விழாதபடி இரண்டு செங்கல்லுக்கு நடுவில் வை. தினமும் காலை 8.30 மணிக்கு ஸ்கேலை நேராக விட்டு ஆழத்தைப் பார். நீ பார்க்கும் செ.மீ.-தான் மழையின் அளவு. வானிலை மையமும் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரைதான் ஒரு நாளாகக் கணக்கிடுகிறது, அதனால் இரண்டையும் ஒப்பிடலாம். 7 செ.மீ. முதல் 11 வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 21-ம் அதற்கு மேலும் அதி கனமழை. பெருமழை நாளில் பாத்திரம் நிரம்பி வழிந்துவிடும். நடுவில் அளந்து, எழுதிக்கொண்டு, கொட்டிவிட்டு மறுபடியும் வை. அதோடு, எத்தனை செ.மீ. பெய்தபோது உங்கள் தெருவில் தண்ணீர் எந்த வீட்டுப் படி வரை வந்தது என்பதையும் பக்கத்தில் எழுது. மார்கழி முடிந்ததும் அந்த நோட்டை எனக்கு அனுப்பு, இந்தப் பகுதியில் வெளியிடச் சொல்கிறேன்.